மண்ணு சரியில்லை, அண்ணாச்சி

கரோலின் டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எவர்சில்வர் டம்ளர் மடியில் இருந்தது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் தங்கப்பாண்டி, விடைத்தாள் கைக்கு வருவதற்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"மண்ணு சரியில்லை, அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

"நல்லாக் கழுவித்தானே போட்டோம் டீச்சர்."

"பழத்துல ஒட்டின மண்ணைச் சொல்லலை. பழம் விளைஞ்ச மண்ணைச் சொல்றேன். இது ஆத்தங்கரைத் தோட்டம்."

தங்கப்பாண்டி டம்ளரை எட்டிப் பார்த்தார். வீட்டில் போட்ட திராட்சை வைன் கறுஞ்சிவப்பாக இருந்தது. "எல்லாம் ஒரே பழம்தானே டீச்சர். பன்னீர் திராட்சை. கம்பத்துல இருந்து வருது."

"பழம் ஒண்ணுதான். மண்ணு ஒண்ணா? ஃப்ரான்ஸ்ல ஒரே ஊரு, ஒரே கொடி, நடுவுல ஒரு வண்டிப்பாதை இருக்கும். பாதைக்கு இந்தப் பக்கத்து வைன் ஒரு ருசி, அந்தப் பக்கத்து வைன் வேற ருசி. மேட்டுல சரளை மண்ணு, தண்ணி நிக்காது. வேர் கீழ கீழ தேடிக்கிட்டுப் போகும். பழம் சின்னதாத்தான் வரும், ஆனா தோல் தடிப்பா இருக்கும், நிறம் நல்லா இறங்கும். ஆத்தோரம் களிமண்ணு. கேக்காமலே தண்ணி கிடைக்குது, கொடிக்கு என்ன கவலை? இலையா விட்டுத் தள்ளும். பழத்துல ருசி நீர்த்துப்போயிடும்."

டீச்சர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதிரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

தங்கப்பாண்டி தன் பங்குக்கு ஸ்பூனில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டார். கள்ளைக்கூடத் தொடாத நாக்கு அது. கொஞ்சம் புளித்தது, கொஞ்சம் இனித்தது, தொண்டையில் சுருக்கென்றது. ஆறும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை.

"ஆமா டீச்சர். கொஞ்சம் தண்ணியாத்தான் தெரியுது," என்றார்.

டீச்சர் கண்ணைத் திறந்து அவரை வியப்போடு பார்த்தார். "உங்களுக்குத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதே."

அந்த ஒரு சின்னப் பொய்யிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

தங்கப்பாண்டிக்குத் தண்டையார்பேட்டையில் பழ மண்டி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. மகள் ராமசெல்வி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூப்பிட்டால், "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் வருவதற்குள் இன்னொரு மீட்டிங் வந்துவிடும்.

வாரநாட்களில் மண்டிச் சத்தம் துணைக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். ஷட்டரை இறக்கிவிட்டு மாடி அறைக்குப் போனால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சில டிரைவர்களின் முகங்கள்கூடப் பழகியிருந்தன. வரிசை நகர்ந்ததும் அவர்களும் போய்விடுவார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் கரோலின் டீச்சர் மண்டிக்கு வந்து ஒரு பெட்டி திராட்சை கேட்டார். வீட்டில் வைன் போடுவதற்காம். கிறிஸ்துமஸுக்கு இப்போதே ஆரம்பித்தால்தான் நன்றாக ஊறும் என்றார். பெட்டியைத் தூக்க முடியாமல் அவர் திணறியதைப் பார்த்து, தங்கப்பாண்டியே ஸ்கூட்டரில் வைத்து ராயபுரத்துக்குக் கொண்டுபோய், மாடிவரை தூக்கிக் கொடுத்தார். அங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் மேல் காய்ந்த துணி குவிந்து கிடந்தது. டீச்சர் அவசரமாக அதை அள்ளிக் கட்டிலில் போட்டு, "உக்காருங்க அண்ணாச்சி" என்றார். அவருடைய கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். கொரோனாவில் போய்விட்டார். மகன் கனடாவில் இருந்தான்.

தண்டையார்பேட்டையே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. லோடுமேன், போலீஸ்காரர், பால்காரர், யாருக்கும் அவர் அண்ணாச்சிதான். டீச்சர் வாயிலிருந்து வரும்போது மட்டும் அதற்குள்ளே உட்கார்ந்திருக்கும் அண்ணன் அவர் காதில் தனியாக விழுந்தான்.

ஆற்றங்கரைத் தீர்ப்பு வந்த அன்று சாயங்காலமே தங்கப்பாண்டி கம்பத்துக்கு போன் போட்டார். அங்கே அவருடைய அக்கா மகன் முப்பிடாதி தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

"மேட்டுத் தோட்டத்துப் பழம் மட்டும் தனியா வேணும்லே."

"எல்லாம் பன்னீர்தானே மாமா."

"மண்ணு வேறல்லா."

"மாமா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

மேட்டுப் பழம் வந்தது. டீச்சர் வீட்டில் இருவருமாகக் காம்பு ஆய்ந்து, கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பி, மர மத்தால் மசித்துச் சீனி போட்டுப் பீங்கான் ஜாடியில் கட்டி வைத்தார்கள். பட்டையும் கிராம்பும் வேண்டாம், அது மண்ணின் ருசியை மறைத்துவிடும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

வைன் பொங்கி அடங்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜாடியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. ஜாடியைத் திறந்து கிளறி மூடக் கொஞ்ச நேரம்தான் ஆகும். மிச்ச நேரமெல்லாம் பேசினார்கள். புயல் நாளில் கணவர் கப்பலை இழுத்துவந்த கதையை டீச்சர் சொன்னார். தன் மனைவி பழைய தமிழ்ப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடுவாள் என்பதைத் தங்கப்பாண்டி சொன்னார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. மதியம் டீச்சர் தானே வைத்த மீன்குழம்பை ஊற்றினார். உப்பு வாயை அள்ளிக்கொண்டு போனது. கடலோரத்தில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று தங்கப்பாண்டி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வடிகட்டும் நாள் வந்தது. டீச்சர் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது வடக்கேயிருந்து காற்று திரும்பியது. எண்ணூர் ஆலைகள் பக்கத்திலிருந்து எப்போதாவது வரும் அந்த நாற்றம் தெருவை மூடியது. கீழே ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. தங்கப்பாண்டி தோள் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "வைன் வாசனை பிடிக்கலையா அண்ணாச்சி?"

"சேச்சே," என்று தங்கப்பாண்டி துண்டை எடுத்துவிட்டு, மரியாதைக்கு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். கண்ணில் நீர் கொட்டியது. "பிரமாதமா இருக்கு."

டீச்சர் குடித்தார். கண்ணை மூடினார்.

"பாறை தெரியுது. நல்ல மாற்றம். ஆனா இது மேற்குச் சரிவு, அண்ணாச்சி. சாயங்கால வெயில் பூரா பழத்து மேலதான். சூட்டுல புளிப்பு செத்துப்போச்சு. கிழக்குச் சரிவுன்னா காலை இளவெயில் மட்டும் படும். அது கிடைக்குமா?"

"நானும் அதையேதான் நினைச்சேன் டீச்சர். சூடு தெரியுது," என்றார் தங்கப்பாண்டி. நாக்கு மட்டுமல்ல, இப்போது மூக்கும் அவருக்கு வேலை செய்யவில்லை.

முப்பிடாதி முனகிக்கொண்டே சரிவு சரிவாகப் பிரித்து அனுப்ப ஆரம்பித்தான். மண்டியில் பெட்டிகள் கலந்துவிடக் கூடாதென்று தங்கப்பாண்டி மார்க்கரால் 'கிழக்குச் சரிவு', 'மேற்குச் சரிவு', 'ஆத்தோரம்' என்று எழுதி வைத்தார். அங்கேதான் அடுத்த வினை வந்தது.

ஜூஸ் கடை வைத்திருக்கும் ஒவைஸ் பழம் எடுக்க வந்தவர் பெட்டியைப் படித்தார். "இது இன்னா அண்ணாச்சி, கிழக்குச் சரிவு?"

தங்கப்பாண்டி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சரளையையும் வேரையும் காலை வெயிலையும் சொல்லிக்காட்ட அவருக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. டீச்சர் நடத்திய பாடத்தை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். மறுநாள் காலையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எல்லா ஜூஸ் கடைக்காரர்களும் மண்டி வாசலில் நின்றார்கள். எல்லாருக்கும் கிழக்குச் சரிவுதான் வேண்டும். மேற்கும் ஆத்தோரமும் கேட்பாரற்றுக் கிடந்து நசநசத்தன.

"இதுக்கு நானு ஒரு வழி பண்றேன், வுடு அண்ணாச்சி," என்றான் மண்டி வேன் ஓட்டும் பகலவன். வியாசர்பாடிக்காரன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவன். தங்கப்பாண்டி மதியச் சாப்பாடு முடிந்து இறங்கி வந்தபோது மண்டியிலிருந்த அத்தனை பெட்டியிலும் 'கிழக்குச் சரிவு' என்று எழுதியிருந்தது. ஆரஞ்சுப் பெட்டியில்கூட.

இரண்டு நாளில் ஒவைஸ் திரும்பி வந்தார். "ஒரு பொட்டி இனிக்குது, ஒரு பொட்டி புளிக்குது. ரெண்டுலயும் கிழக்குனுதான் போட்டுக்கீது. உங்க ஊர்ல சூரியன் ரெண்டு பக்கமும் உதிக்குதா அண்ணாச்சி?"

இனி அத்தாட்சி இல்லாமல் முடியாது என்று, ஒவ்வொரு பெட்டியோடும் அந்தத் தோட்டத்து மண்ணில் ஒரு பொட்டலம் வைத்து அனுப்பும்படி முப்பிடாதியிடம் சொன்னார் தங்கப்பாண்டி. முப்பிடாதி இப்போது எதிர்க்கேள்வி கேட்பதையே விட்டிருந்தான். அது இன்னும் கவலையாக இருந்தது.

பொட்டலங்களைக் கண்டதும் டீச்சரின் முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றையும் பிரித்து விரல்களுக்கிடையில் தேய்த்தார். "இது களி, பாருங்க, வழவழன்னு ஒட்டுது. இது செம்மண்ணும் மணலும். இதுல கல்லு பொடிஞ்சிருக்கு, மேட்டுல இருந்து தண்ணி அடிச்சுக்கிட்டு வந்தது." தங்கப்பாண்டியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தேய்த்துக் காட்டினார். தங்கப்பாண்டிக்கு அன்று மண்ணைப் பற்றி ஒன்றும் மனதில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் வெகுநேரம் அந்தக் கையைக் கழுவாமல் இருந்தார்.

ஆனால் குற்ற உணர்ச்சி அரித்தது. டீச்சர் இவ்வளவு நுட்பமாக ருசி பார்க்கிறார், தான் வெறும் தலையாட்டிப் பொம்மையாக உட்கார்ந்திருக்கிறோமே என்று. ஒருநாள் மண்டிக்குள் யாரும் கண்ணில் படாத நேரத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, மேட்டு மண்ணில் துளி எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு ஆத்தோரத்து மண்ணிலும் துளி. முதலில் மண்ணின் ருசி பிடிபட்டால், வைனில் அதைக் கண்டுபிடிப்பது எளிது என்று அவர் கணக்கு.

வாழைத்தாருக்குப் பின்னாலிருந்து பகலவன் எழுந்து நின்றான்.

"அண்ணாச்சி, இன்னா பண்ற?"

தங்கப்பாண்டியால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் மண் இருந்தது.

அடுத்த நாள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணாச்சி மண்ணு துன்றாரு. சம்சாரம் போனதிலிருந்தே மனுஷன் சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். பழத்தில் மண் கலக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். ஜூஸ் கடைக்காரர்கள் வேறு மண்டிக்குப் போனார்கள். ராமசெல்வி அந்த வருஷத்தில் முதல்முறையாகத் தானே கூப்பிட்டாள்.

"அப்பா, மண்ணு சாப்பிடறீங்களாமே?"

"ருசிதான் பாத்தேன்மா."

"எதுக்குப்பா?"

அதற்கு நேரான பதில் ஒன்று இருந்தது. மகளிடம் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அவர் வார்த்தை தேடுவதற்குள், "மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க, நல்ல டாக்டராப் பாத்துச் சொல்றேன்" என்று அவள் வைத்துவிட்டாள். தங்கப்பாண்டி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றார். அன்று லாரிகள்கூடக் குறைவாக இருந்தன.

கிழக்குச் சரிவு வைன் தயாரானபோது மழைக்காலம் வந்துவிட்டது. இந்த முறை பிழையே இருக்காது என்று தங்கப்பாண்டிக்கு உறுதி. இஸ்திரி போட்ட சட்டை அணிந்து போனார். டீச்சர் குடித்தார். நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார். மழை ஓட்டு விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணு சரி," என்றார். "சரிவும் சரி."

தங்கப்பாண்டிக்கு நெஞ்சு நிறைந்தது. உடனே ஏனோ காலியானது மாதிரியும் இருந்தது. வைன் சரியாகிவிட்டால் அடுத்த ஞாயிறு எதற்கு வருவது?

டீச்சரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆனா பறிச்சவங்க அவசரப்பட்டுட்டாங்க, அண்ணாச்சி. பழம் இன்னும் கொஞ்சம் கொடியிலயே இருந்திருக்கணும். அடுத்த பெட்டியில பாக்கலாம்."

தங்கப்பாண்டி முதலில் சந்தோஷப்பட்டார். வீட்டுக்குப் போனதும் யோசித்தார். மனைவி போன பிறகு அவரிடம் யாரும் பழத்தைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. இந்த அம்மா ஒருவர்தான் பழத்துக்கும் அப்பால் ஏதோ கேட்கிறார். பூமியின் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் கேட்கிறார். அதை முப்பிடாதியை நம்பி விடக் கூடாது. தானே போய்க் கம்பத்தில் தங்கி, கிழக்குச் சரிவில் ஒரு தோட்டத்தைப் பிடித்து, கொடியைக் கவாத்து வெட்டுவதிலிருந்து பழம் பறிக்கும்வரை கூடவே நிற்பது என்று முடிவு செய்தார். மண்டியில் வியாபாரம் படுத்துக் கிடந்ததால் அது எளிதாகவும் இருந்தது.

டீச்சரிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த மரக்கரண்டி ஜாடிக்குள் நழுவியது.

"கம்பத்துக்கா? எவ்ளோ நாளு?"

"கவாத்து வெட்டிப் பழம் முத்துறதுக்கு நாலஞ்சு மாசம் ஆயிரும் டீச்சர்."

"கிறிஸ்துமஸுக்கு இருக்க மாட்டீங்களா?"

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்க கேட்ட வைன் இருக்கும்லா."

டீச்சர் எழுந்துபோய் ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மறுபடி மூடினார். திரும்பியபோது வகுப்பறைத் தமிழ் எங்கோ போய்விட்டது. ராயபுரம் பேசியது.

"இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போய்க்கினு? இந்த வைனே போதும். நல்லாத்தான் கீது."

"நீங்க எனக்காகச் சொல்லுதீய," என்றார் தங்கப்பாண்டி.

"நெசமா நல்லாக் கீது. அந்த ஆத்தங்கரை வைன்கூட நல்லாத்தான் இருந்துச்சு."

ஆற்றங்கரையையும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அந்த அம்மா தனக்காக நாக்கை விட்டுக்கொடுக்கிறார் என்று தங்கப்பாண்டி நினைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஒருவருக்காகப் போகாமல் வேறு யாருக்காகப் போவது? அவர் உறுதி இரண்டு மடங்காயிற்று.

டிசம்பர் பிறந்த வாரம், சாயங்காலம் கம்பத்துக்கு பஸ். மதியமே பையைத் தூக்கிக்கொண்டு விடைபெற ராயபுரம் போனார். மண்டிச் சாவியைப் பகலவனிடம் கொடுத்திருந்தார். "இன்னாவோ போ அண்ணாச்சி, ஒடம்பப் பாத்துக்கோ, அங்க மண்ணு ஜாஸ்தி" என்று அவன் வழியனுப்பினான்.

டீச்சர் வீடு பூட்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே குப்பம்மா அருவாமனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கீழ் வீட்டுக்காரி. காலையில் காசிமேட்டில் எடுத்து வந்து தெருவில் விற்பவள். டீச்சருக்குச் சமையலில் கைகொடுப்பவளும் அவள்தான்.

"டீச்சர் மாதா கோயிலுக்குப் போய்க்கீது. ரெண்டு நாளா அங்கதான் போய் குந்திக்கினு கீது," என்றாள். "இன்னா அண்ணாச்சி, பொட்டி படுக்கையோட கெளம்பிட்ட?"

"கம்பத்துக்குப் போறேன். டீச்சருக்குத் திராட்சை பாக்க. பஸ் ஸ்டாண்டு ரொம்ப தூரம், இப்பவே கெளம்பணும். அவிய வந்தா நீங்க சொல்லிருங்க." தங்கப்பாண்டி பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். நேரில் சொல்லவென்று வைத்திருந்ததை மீன்காரியிடம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னார். "எத்தனை மாசம் ஆனாலும் சரி, டீச்சர் நாக்கு குத்தம் சொல்லாத பழத்தோடதான் திரும்பி வருவேன்னு சொல்லுங்க."

"யாரு நாக்கு?"

"டீச்சர் நாக்குத்தான். அப்படியொரு நாக்கை நான் பாத்ததில்ல. ஒரு வாய் வச்சா ஆத்தங்கரை எது, மலை எது, வெயில் எந்தப் பக்கம் அடிச்சதுன்னு சொல்லிப்புடும்."

குப்பம்மா கையிலிருந்த மீனைத் தட்டில் போட்டாள். புறங்கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி சொல்ற? கொரோனா வந்து ஆஸ்பத்திரிலேர்ந்து திரும்புனதுலேர்ந்து டீச்சருக்கு வாசனையும் கெடயாது, ருசியும் கெடயாது. வாயில வச்சது இன்னானு நான் சொன்னாதான் அதுக்குத் தெரியும்."